பக்கத்து சீட்டுப் பெடல்

பயிற்சிப் பள்ளிக் காரில் கருகல் வாடை வந்தால் அதற்குக் காரணம் ஒன்றே ஒன்றுதான். கற்றுக்கொள்ள வந்தவர் கிளட்சைத் தேய்க்கிறார். இதை யாரும் சோதித்துப் பார்ப்பது கிடையாது. மாஸ்டர் மூக்கைச் சுருக்கி, ஜன்னல் கண்ணாடியை இறக்கிவிட்டு, "கிளட்ச் மேல இருந்து காலை எடுங்க, அது என்ன தலகாணியா?" என்பார். ஓட்டுகிறவர், கால் எங்கே இருந்தாலும் சரி, வெடுக்கென்று இழுத்துக்கொள்வார். அப்படியும் வாடை போகாது. போகாவிட்டால் அதற்கும் அவர்தான் பொறுப்பு.

அந்த வெயில் காலம் முழுக்க அந்தக் காரில் அந்த வாடை அடித்தது. வந்தவர்கள் எல்லோரும் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே ஓட்டினார்கள்.

கார் பழையது. நான்கு சக்கரத்துக்கும் டிரம் பிரேக். இரும்புச் சட்டிக்குள்ளே இரண்டு பிரேக் கட்டைகள் விரிந்து உரசி வண்டியை நிறுத்துகிற வகை. உடம்பு அகலம், பின்பக்கம் உருண்டை, சீட்டில் உட்கார்ந்தால் யார் மடியிலோ உட்கார்ந்த மாதிரி இருக்கும். அதனால் கற்றுக்கொள்ள வந்தவர்கள் அதற்குப் 'பெரியம்மா' என்று பெயர் வைத்திருந்தார்கள். காலின் பலத்தைப் பல மடங்காக்கித் தருகிற பூஸ்டர் டப்பாவைப் பெரியம்மாவுக்குப் பொருத்தியவன் மாஸ்டரின் மச்சான், பட்டறை வைத்திருக்கும் மெக்கானிக். பக்கத்து சீட்டில் மாஸ்டரின் காலடியில் இரண்டாவது பிரேக் பெடல் ஒன்றை வைத்து, ஒரு ராடால் அதை ஓட்டுகிறவரின் பெடலோடு இணைத்துக் கொடுத்தவனும் அவன்தான். "மாமா, இனிமே நீங்க காலை வச்சாலே போதும், வண்டி நின்னுடும்" என்று அன்றைக்குப் பெருமையாகச் சொன்னான். அந்தப் பேச்சைப் பிற்பாடு அவனே பலமுறை நினைத்துப் பார்க்க வேண்டி வந்தது.

மெக்கானிக்கின் அக்காதான் மாஸ்டரின் மனைவி. வீட்டின் முன் அறைதான் பள்ளியின் ஆபீஸ் என்பதாலும், அந்த அறையை விட்டு அவள் அதிகம் நகர்வதில்லை என்பதாலும் எல்லோருக்கும் அவள் ஆபீஸக்கா. சுவரில் சாலைக் குறிகளின் படம், ஓர் ஓரமாக பெஞ்சு, நடுவில் பெரிய மேஜை. மேஜை மேல் சுண்ணாம்புக் கட்டியால் நாற்சந்தி வரைந்து, தீப்பெட்டிகளைக் கார்களாக நிறுத்தி, யார் முதலில் போக வேண்டும், யார் பொறுக்க வேண்டும் என்று பாடம் நடத்துவாள். மேஜைச் சாலையில் அவளை மிஞ்ச ஆளில்லை. தார்ச்சாலை மாஸ்டருடையது.

அவளுக்கும் லைசென்ஸ் உண்டு. கல்யாணமான புதிதில் மாஸ்டர்தான் கற்றுக்கொடுத்தார். அந்தச் சில நாட்களில் நடந்த பேச்சுவார்த்தைக்குப் பிறகு இருவரும் வெகுநாள் முகம் கொடுத்துப் பேசிக்கொள்ளவில்லை. லைசென்ஸ் கைக்கு வந்த அன்றே, குடும்பம் நிலைக்க வேண்டும் என்று அதைப் பீரோவுக்குள் வைத்துவிட்டாள்.

மாஸ்டருக்கு ஒரு பெருமை உண்டு. பக்கத்து சீட்டில் உட்கார்ந்ததும் வலது கால் செருப்பைக் கழற்றி சீட்டுக்கு அடியில் தள்ளிவிடுவார். வெறுங்கால் பெடலுக்கு மேலே நிற்கும். தொடாது. "பெடலுக்கும் என் காலுக்கும் நடுவுல ஒரு பேப்பர்தான் போகும். கண்ணு பாக்கறதுக்கு முன்னாடி இந்தக் காலுக்குத் தெரியும்" என்பார். வருஷக்கணக்காக அப்படித்தான் இருந்தார். எத்தனையோ பேரை, எத்தனையோ மாடுகளை, சைக்கிள்களை, கம்பங்களை அந்தக் கால் காப்பாற்றியிருக்கிறது.

பிரேக் ஏமாற்ற ஆரம்பித்தது வெயில் ஏறிய பிறகுதான். முதலில் கொஞ்சம் தள்ளி நின்றது. பிறகு இன்னும் தள்ளி. விசித்திரம் என்னவென்றால், பெடல் உள்ளே அமுங்கிப் போகவில்லை. கல்லு மாதிரி கெட்டியாக நின்றது, வண்டிதான் கேட்கவில்லை. கொஞ்ச நேரம் நிழலில் போட்டு வைத்தால் பழையபடி நல்ல பிள்ளையாகிவிடும். மெக்கானிக் பட்டறைக்குக் கொண்டுபோய் நிறுத்தும்போது குறை சொல்ல ஒன்றுமே இருக்காது. அவன் நான்கு சக்கரத்துக்கும் புதுக் கட்டை போட்டான். டிரம்களை லேத்தில் கொடுத்துக் கடைந்து வாங்கினான். ஒரு வாரம் நன்றாக இருந்தது, பிறகு மறுபடியும் அதே கதை.

அப்புறம்தான் மருந்துக்கடை அம்மாவின் விஷயம் நடந்தது. லைசென்ஸ் சோதனையில் மேடு ஏறி இறங்கிக் காட்ட வேண்டும் என்பதால், தண்ணீர்த் தொட்டி மேட்டில் ஏறி, தொட்டியைச் சுற்றி, மறுபடி நாற்சந்திக்கு இறங்குவதுதான் எல்லோருக்கும் கடைசிப் பாடம். மருந்துக்கடை அம்மா நிதானமானவர், வாயே திறக்காமல் ஓட்டுகிறவர். இறக்கத்தில் பிரேக்கை மிதித்தார். மாஸ்டரும் மிதித்தார். பெரியம்மா யாரையும் சட்டை செய்யாமல் நாற்சந்தியைக் குறுக்கே கடந்து, அந்தப் பக்கம் வீடு கட்டக் கொட்டியிருந்த மணலில் போய் மூக்கைப் புதைத்தாள். ஒருவருக்கும் காயமில்லை. ஆனால் அந்த நேரத்தில் நாற்சந்தியில் ஒரு பள்ளி வண்டி வந்திருந்தால்? இந்தக் கேள்வியை எல்லோரும் கேட்டார்கள். மருந்துக்கடை அம்மா கேட்கவில்லை. அவர் காரை விட்டு இறங்கி, புடவையில் ஒட்டிய மணலைத் தட்டிவிட்டு, நடந்தே வீட்டுக்குப் போனார். மறுநாள் முதல் வரவில்லை.

அன்றைக்கு மாஸ்டர் பட்டறை வாசலில் நின்று மச்சானைக் கூப்பிட்ட விதம் தெருவுக்கே கேட்டது.

"என்ன கட்டைய்யா போட்ட நீ? கட்டையா, காஞ்ச ரொட்டியா?"

"மாமா, கட்டை நல்ல கட்டை. பில்லு காட்டட்டுமா?"

"உன் பில்லை வச்சு வண்டிய நிறுத்துவியா? இனிமே பெரியம்மா மேல நீ கை வைக்காத. எனக்கு மெக்கானிக்கே வேணாம்."

அதற்கு முன்னால் அவர் அவனை மச்சான் என்றுதான் கூப்பிடுவார். அன்றிலிருந்து அவன் 'மெக்கானிக்' ஆகிப்போனான். "அந்த மெக்கானிக் வந்தா ஆபீஸ்ல உக்கார வைக்காத" என்று மனைவியிடம் சொன்னார். அவள் சரி என்றாள். அதனால் அவன் சமையலறையில் உட்கார்ந்தான்.

"என்னடா, பின்வாசல் வழியா? பூனை மாதிரி?"

"முன்வாசல்ல 'மெக்கானிக் வரக்கூடாது'ன்னு உன் வீட்டுக்காரர் போர்டு மாட்டல, அவ்வளவுதான். டீ குடு."

அடுப்பில் முட்டை வெந்துகொண்டிருந்தது. மாஸ்டர் போக்குவரத்து ஆபீசுக்குப் போயிருந்தார், திரும்ப மதியமாகும். ஆபீஸக்கா ஆணியிலிருந்து கார் சாவியை எடுத்து அவன் முன்னால் வைத்தாள்.

"பாரு. அவர் வர்றதுக்குள்ள பாத்துட்டுக் கொண்டுவந்து வச்சிடு. நான் உன்கிட்ட குடுக்கல, நீயும் வாங்கல."

"எதுக்குக்கா இதெல்லாம்? கை வைக்காதன்னு சொல்லிட்டாரு."

"அவர் தினமும் அதுல உக்காந்து போறாருடா. கூட யாரோ பெத்த பிள்ளைங்க ஓட்டிட்டுப் போகுது. கோவம் உனக்கும் அவருக்கும். வண்டி திரும்பி வர்ற வரைக்கும் நான்தான் வாசலையே பாத்துக்கிட்டு உக்காந்திருக்கேன்."

அவன் சாவியை எடுத்துக்கொண்டு போனான். மதியத்துக்கு முன்பே கைகளெல்லாம் கறுப்பாக, முகத்தில் ஒரு குழப்பத்தோடு திரும்பி வந்தான். அவள் சோப்பும் சொம்பில் தண்ணீரும் கொடுத்தாள். கை கழுவிக்கொண்டே சொன்னான்.

"நாலையும் கழட்டிட்டேன். கட்டை மூஞ்சி கண்ணாடி மாதிரி பளபளன்னு ஆயிருக்குக்கா. அது வெந்துபோன கட்டை. டிரம்மு நீலம் பாஞ்சு கிடக்கு. அவ்வளவு சூடு ஏறினா எந்தக் கட்டையும் பிடிக்காது, வழுக்கத்தான் செய்யும். ஆனா ஏன் சூடாகுது? எண்ணெய்க் கசிவு இல்ல. ஆயில் போற ஹோஸ்ல அடைப்பு இல்ல. சக்கரம் கையால சுத்தினா சும்மா சுத்துது."

"அந்த டப்பா?"

"பூஸ்டரா? எஞ்சினை அணைச்சிட்டு நாலு மிதி மிதிச்சு, காலை அழுத்தி வச்சுக்கிட்டே ஸ்டார்ட் பண்ணினா பெடல் லேசா உள்ள இறங்கணும். இறங்குது. அதுவும் நல்லாத்தான் இருக்கு. அப்புறம் கட்டையைத் தேச்சு மாட்டி, நானே மேட்டுல ஏத்தி இறக்கினேன், திரும்பத் திரும்ப. இறங்கி டிரம்முல தண்ணி தெளிச்சேன். சூடா இருந்தா சுர்ருனு கத்தும். கத்தவே இல்ல."

"உன்கிட்ட மட்டும் நல்லா இருக்கா? அதுக்கு என்ன, உன்னைத் தெரியுமா?"

"அதான்க்கா எனக்கும் மண்டை காயுது. ஒரு சக்கரம் மட்டும் சூடானா அந்தச் சக்கரத்துல கோளாறுன்னு சொல்லலாம். நாலும் ஒரே மாதிரி வெந்திருக்கு. அப்ப கோளாறு சக்கரத்துல இல்ல, மேல எங்கயோ. நாலையும் சேத்து எதுவோ அழுத்திக்கிட்டே இருக்கு."

அவன் முட்டையை உரித்தான். யோசனையில் ஓட்டையும் வாயில் போட்டுக்கொண்டு துப்பினான். அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டே, போகிற போக்கில், இன்னொரு குறையையும் அவன் தலையில் வைத்தாள்.

"அது மட்டுமாடா? பின்னாடி சிவப்பு லைட்டும் கெட்டுப் போச்சு. நேத்து ரொட்டி வாங்க மேட்டுப்பக்கம் போனேன். அவரும் கத்துக்க வந்த ஒரு பையனும் பெரியம்மாவுல என்னைத் தாண்டித்தான் போனாங்க. மேட்டுல மூச்சு வாங்க ஏறுது, பின்னாடி பிரேக் லைட்டு எரிஞ்சுக்கிட்டே போகுது. வளைவு வரைக்கும் பாத்தேன், அணையவே இல்ல. பல்பு வேற அடிக்கடி போகுதுன்னு அவர் திட்டிக்கிட்டு இருந்தாரு. அதையும் பாத்துடு."

மெக்கானிக்கின் கை முட்டையோடு நின்றுவிட்டது.

"மேட்டுல ஏறும்போதா?"

"ஆமா."

"ஏறும்போது எவனாவது பிரேக் மிதிப்பானா?"

"அதான் கெட்டுப் போச்சுங்கறேன்."

அவன் எழுந்து வெளியே போனான். அவளும் போனாள். அவன் காரின் பின்னால் நின்று, அவளை உள்ளே உட்கார்ந்து பிரேக்கை மிதிக்கச் சொன்னான், எடுக்கச் சொன்னான், மறுபடி மிதிக்கச் சொன்னான். விளக்கு ஒழுங்காக எரிந்தது, ஒழுங்காக அணைந்தது. பிறகு பக்கத்து சீட்டுக் கதவைத் திறந்து குனிந்து, அந்த இரண்டாவது பெடலை வெகுநேரம் பார்த்தான். அதன் ரப்பர் ஓட்டுகிறவர் பெடலின் ரப்பரை விட அதிகமாகத் தேய்ந்து, வரி அழிந்து வழுவழுவென்று இருந்தது.

"அக்கா, நான் சொன்னா கோவிச்சுக்கக் கூடாது."

"சொல்லு."

"வண்டியில எல்லாத்தையும் கழட்டிப் பாத்துட்டேன். கழட்டிப் பாக்காதது மாமாவை மட்டும்தான்."

அவளுக்குக் கோபம் வந்தது. வராமல் எப்படி இருக்கும்? "உன் கட்டையைக் குறை சொன்னாருன்னு நீ அவர் காலைக் குறை சொல்றியா? அவர் கால் யாரு கால்னு தெரியுமாடா? பேப்பர் இடைவெளியில நிக்கிற கால்" என்று கத்தினாள். கத்திக்கொண்டிருக்கும்போதே அவள் குரல் தானாக இறங்கியது. அவள் கண் சீட்டுக்கு அடியில் போயிருந்தது. அங்கே மாஸ்டரின் ஒற்றைச் செருப்பு கிடந்தது.

காலையில் அவர் காரை நிறுத்திவிட்டு, தீயாகச் சுட்ட சிமென்ட் வாசலில் ஒரு காலில் செருப்போடும் ஒரு காலில் வெறுமனேயும் நடந்து வந்து, அப்படியே போக்குவரத்து ஆபீசுக்கு வேறு செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிப் போயிருந்தார். முதல் தடவை இல்லை. "உங்களுக்கு மறதி முத்திப் போச்சு" என்று அவள் திட்டிக்கொண்டிருந்தாள். சர்க்கரை வியாதிக்காரர், மறதி இருக்கும் என்று தனக்குத் தானே ஒரு வைத்தியமும் சொல்லிக்கொண்டிருந்தாள். சுடுதண்ணீர்ச் சட்டியில் கால் வைத்துத் தோல் சிவந்தபோதுகூட, "லேசான சூடுதானே" என்று அவர் சொன்னதை நம்பினாள். அந்தச் சட்டியில் அவள் விரல் விட்டபோது பொறுக்க முடியவில்லை. அதைத் தனியாகவும் செருப்பைத் தனியாகவும் வைத்திருந்தவள், இப்போதுதான் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள்.

சொன்னாள். தம்பி கேட்டுக்கொண்டு கார் கதவில் சாய்ந்து நின்றான்.

"வச்சாலே போதும்னு நான்தான்க்கா சொன்னேன்" என்றான் கடைசியில். "பூஸ்டர் இருக்கில்ல. காலோட கனமே போதும், அது பலமாக்கிடும். அவருக்குப் பேப்பர் இடைவெளி இருக்கற மாதிரிதான் தோணும். கால் கீழ இறங்கி உக்காந்திருக்கும்."

"தோணுதா இல்லையான்னு நமக்கு எப்படித் தெரியும்?"

"ராடைக் கழட்டிடலாம். அந்தப் பெடல் வெறும் தொங்கலா நிக்கும், சின்ன ஸ்பிரிங்தான் தாங்கும். ஈ உக்காந்தாக்கூட இறங்கும். உணர்வு இருக்கற கால்னா வச்ச உடனே தெரிஞ்சிடும். தெரிஞ்சா சண்டைக்கு வருவாரு."

"வருவாரு" என்றாள் அவள் உறுதியாக. "பாத்துட்டே இரு. உன்னைக் கிழிச்சுத் தோரணம் கட்டப் போறாரு."

அவள் மனதார விரும்பியது அதைத்தான்.

மறுநாள் காலை ஒருவரும் கற்றுக்கொள்ள வரவில்லை. பெஞ்சு காலியாகக் கிடந்தது. மேஜையில் தீப்பெட்டிகள் நாற்சந்தியில் நின்றன. மாஸ்டர் விடியற்காலையிலேயே காருக்கு அடியில் படுத்து, ஒவ்வொரு சக்கரத்திலும் கட்டையைத் தளர்த்திவிட்டு, பனியன் முழுக்க மண்ணோடு எழுந்து வந்தார். அவர் குளிக்கப் போன நேரத்தில் பின்வாசல் வழியாக வந்தவன் தன் வேலையை முடித்திருந்தான். ராடு டிக்கியில் ஒரு கந்தல் துணிக்குள் கிடந்தது.

"எல்லாம் இறுக்கி வச்சதுதான் கோளாறு. தளர்த்திட்டேன். இப்ப ஓட்டிப் பாத்தா தெரிஞ்சிடும், யார் வேலை சரின்னு" என்றார் மாஸ்டர். "ஆனா யாராவது ஓட்டணுமே. நான் பக்கத்து சீட்டுல இருந்தாத்தானே பாடம் நடக்கற மாதிரி இருக்கும்."

"நான் ஓட்டறேன்" என்றாள் அவள்.

"யாரு? நீயா?"

"லைசென்ஸ் இருக்கு."

"அதைப் பாச்சை தின்னிருக்கும்."

"பாச்சைக்கும் ஓட்டத் தெரிஞ்சிருக்கும். ஏறுங்க. தம்பியும் வரட்டும். உங்க வேலை சரின்னு அவன் கண்ணால பாக்கட்டும்."

அந்தக் கடைசி வார்த்தை வேலை செய்தது. "மெக்கானிக் பின்னாடி உக்காரட்டும்" என்று சொல்லிவிட்டு மாஸ்டர் ஏறினார். செருப்பைக் கழற்றி சீட்டுக்கு அடியில் தள்ளினார். அவள் சீட்டை முன்னால் இழுத்துக்கொண்டாள். ஸ்டியரிங்கைப் பிடித்த கை ஈரமாக இருந்தது. வெகுகாலத்துக்குப் பிறகு பிடிப்பதால் மட்டுமில்லை.

கார் கிளம்பியது. முதலில் இரண்டு தடவை உதைத்தது. "மெதுவா, மெதுவா விடு... ஏய், அது மூணாவது கியர் இல்ல... ஆங், அதான்" என்று மாஸ்டர் கையை ஆட்டிக்கொண்டே வந்தார். அவள் காது அதில் இல்லை. அது இன்னொரு வார்த்தைக்காகத் திறந்து கிடந்தது. 'என்னடா இது, பெடல் லூசா இருக்கு?' இந்த ஒரு கத்தல். சலவைக்கடை வந்தது. கத்தவில்லை. பள்ளிக்கூடச் சுவர் முடிந்தது. கத்தவில்லை. இனிமேல் கால் வைப்பார், இதோ இப்போது வைப்பார், வைத்தால் தெரிந்துவிடும் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். பின்னால் தம்பி முன்பக்கம் சாய்ந்து, இரண்டு சீட்டுக்கும் நடுவில் கீழே பார்த்துக்கொண்டிருந்தான். அவள் கண்ணாடியில் அவன் முகத்தைப் பார்த்தாள். அவன் தலையை மெதுவாக, ஒரே ஒரு தடவை, மேலும் கீழும் அசைத்தான். கால் வைத்தாகிவிட்டது. எப்போதோ.

மேடு ஏறும்போது பெரியம்மா லேசாக ஏறினாள். இத்தனை நாள் முனகி முனகி ஏறியவள். வாடையும் இல்லை.

"பாத்தியா, எப்படி இழுக்குது? தளர்த்தினேன் இல்ல!" என்றார் மாஸ்டர்.

தண்ணீர்த் தொட்டியைச் சுற்றும்போது அவளால் பொறுக்க முடியவில்லை. அவருக்கு ஒரு வழி விட்டுப் பார்த்தாள்.

"ஏங்க, உங்க பெடல் எல்லாம் சரியா இருக்கா?"

"என் பெடலுக்கு என்ன? நான் இன்னும் தொடவே இல்லையே. பேப்பர் இடைவெளி. நீ ரோட்டைப் பாரு."

சாலையைப் பார்த்தாள். சாலை கலங்கலாகத் தெரிந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு இறக்கத்தில் விட்டாள்.

பாதி இறக்கத்தில் ஒரு தள்ளுவண்டிக்காரர், இரண்டு பக்கமும் பார்த்தது போல ஒரு பாவனை செய்துவிட்டு, குறுக்கே தள்ளிக்கொண்டு வந்தார். "பிரேக்!" என்று மாஸ்டர் கத்தினார். அவர் முட்டி விறைத்தது, இடுப்பு சீட்டில் அழுந்தியது. முழுப் பலத்தோடு மிதித்தார். அதே நேரத்தில் அவளும் மிதித்தாள். பெரியம்மா முக்கிக்கொண்டு, சொன்ன இடத்தில், தள்ளுவண்டிக்கு நல்ல தூரம் முன்னாலேயே நின்றாள். தள்ளுவண்டிக்காரர் மூன்று பேரையும் பெயர் தெரியாததால் பொதுவாகத் திட்டிவிட்டுப் போனார்.

மாஸ்டர் ஒரு பெருமூச்சு விட்டார். பிறகு அவர் முகம் மலர்ந்தது. பல வாரங்களாக அவள் பார்க்காத மலர்ச்சி.

"பாத்தியா? பாத்தியா நீ? நான் மட்டும் மிதிக்கலன்னா அந்த ஆளு காலி. எப்படிப் பிடிச்சுது பாத்தியா? இதுதான் பிரேக்! யோவ் மெக்கானிக், இப்ப சொல்லு!"

அவள் காரை ஓரமாக உருட்டி, ஒரு மரத்து நிழலில் நிறுத்தினாள். அவன் இறங்கினான். பாட்டில் தண்ணீரை எடுத்து ஒவ்வொரு டிரம்மிலும் தெளித்துக்கொண்டே சுற்றி வந்தான். எதுவும் கத்தவில்லை. தண்ணீர் சொட்டிக்கொண்டு நின்றது. ஒரு தகராறில் ஜெயித்தவன் முகம் அவனுக்கு இல்லை. சக்கரத்துக்குப் பக்கத்திலேயே, எழுந்திருக்க மனமில்லாதவன் போலக் குத்த வைத்து உட்கார்ந்துவிட்டான்.

"சூடே இல்ல, இல்லையா?" என்றார் மாஸ்டர் ஜன்னல் வழியாக.

"இல்ல மாமா."

"அப்புறம் ஏன் மூஞ்சியை அப்படி வச்சிருக்க?"

அவள்தான் சொல்ல வேண்டும். தம்பி சொன்னால் அது சண்டையாகப் போகும். இந்த மனுஷனை இத்தனை வருஷத்தில் எத்தனையோ பேச்சு பேசியிருக்கிறாள். இதைப் போல ஒன்றைச் சொல்ல நேரும் என்று நினைத்ததில்லை.

"ஏங்க. காலைக் கொஞ்சம் பாருங்க."

"என்ன?"

"கீழ. உங்க காலு."

அவர் குனிந்து பார்த்தார். அவருடைய வெறுங்கால் பெடல் மேல் இருந்தது. பெடல் தரையோடு தரையாகப் படுத்திருந்தது.

காலைத் தூக்கினார். பெடல் சின்ன ஸ்பிரிங்கின் புண்ணியத்தில் எழுந்து வந்தது. கண்ணால் பார்த்துக்கொண்டே காலை அதன் மேல் இறக்கினார். அது ஒரு எதிர்ப்பும் இல்லாமல் தரைக்குப் போனது. மறுபடி தூக்கினார், மறுபடி இறக்கினார். பிறகு கையை நீட்டி, விரல்களால் அந்தப் பெடலை அழுத்திப் பார்த்தார். கைக்குத் தெரிந்தது. அது அவர் முகத்தில் தெரிந்தது.

"ராடை எப்ப கழட்டுனீங்க?"

"காலையில. நீங்க குளிக்கும்போது."

"அப்ப மேட்டுல ஏறும்போதும்..."

"ஏறும்போதும்தான்."

"இப்ப அந்த ஆளு குறுக்க வந்தப்ப?"

"நான் மிதிச்சேங்க" என்றாள். சொல்லும்போது அழுதுவிட்டாள்.

மரத்திலிருந்து ஒரு சருகு பானட்டின் மேல் விழுந்து காற்றில் நகர்ந்து போனது. மாஸ்டர் தன் காலைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு, அது தன்னுடையதுதானா என்பது போல விரல்களை ஒவ்வொன்றாகத் தொட்டார். கட்டை விரல் ஓரத்தில் ஒரு கொப்புளம் உடைந்து காய்ந்திருந்தது. அது எப்போது வந்தது என்று அவருக்குத் தெரியவில்லை.

"அந்த மருந்துக்கடை அம்மாவைக் கிளட்ச் தேய்க்கறீங்கன்னு சொல்லிச் சொல்லி..." என்றார். "பள்ளிக்கூட வண்டி ஏதாவது வந்திருந்தா..."

"வரல" என்றாள் அவள். "வரலங்க. நாளைக்கு டாக்டர்கிட்ட போவோம். மருந்துக்கடை அம்மா வீட்டுக்கும் போவோம். நானும் வர்றேன்."

அவர் முன்கண்ணாடி வழியாக நாற்சந்தியைப் பார்த்துக்கொண்டிருந்தார். வண்டிகள் வந்தன, போயின. ஒருவருக்கொருவர் வழி விட்டன, விடாமலும் போயின. அவள் மேஜையில் நிறுத்துகிற தீப்பெட்டிகள் இப்படி ஒருநாளும் அவசரப்பட்டதில்லை.

அப்புறம் அவர் சீட்டுக்கு அடியில் குனிந்து செருப்பை எடுத்தார். கையால் பிடித்து, கண்ணால் பார்த்துக்கொண்டே மாட்டினார். கதவைத் திறந்து இறங்கினார். காரின் பின்பக்கம் போய், டிக்கியைத் திறந்து, கேட்காமலே அந்தக் கந்தல் துணியைக் கண்டுபிடித்து எடுத்தார். ராடைத் துணியால் ஒருமுறை துடைத்தார். சக்கரத்தின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவனிடம் நீட்டினார். அவன் நிமிர்ந்து பார்த்தான்.

"மருந்துக்கடை அம்மா திரும்பி வந்தா ஓட்டணும் இல்ல" என்றார் மாஸ்டர். "நான் பின்னாடி உக்காந்துக்கறேன். என் வாய்க்கு ஒண்ணும் ஆகல."

பின்கதவைத் திறந்தவர், ஏறுவதற்கு முன் ஒரு கணம் நின்று, ஸ்டியரிங்குக்குப் பின்னால் இருந்த மனைவியின் கால்களைக் கூர்ந்து பார்த்தார்.

"ராடை மாட்டு மச்சான். உங்க அக்காவுக்குக் கால் கட்டை. பக்கத்து சீட்டுப் பெடலை ரெண்டு விரல் மேல ஏத்தி வை."